கலங்கல் தள்ளிவைத்த நாற்பது நிமிடம்

ஆய்வு நிலையத்தில் அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கலங்கல் என்றால்தான் திரும்புவார். இருபத்துமூன்று வருடமாகக் காலை ஏழு மணிக்குப் பாலத்தின் நடுவில் நின்று, ஆற்றுக்குள் பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்து வருகிறவர் அவர். வாசலில் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் உடம்பைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ சொல்ல மாட்டார். "இன்னிக்குக் கலங்கல் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார், இல்லாவிட்டால் "கம்மி" என்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

வேலை கேட்பதற்கு எளிது. கைச்சக்கரத்தில் சுற்றிய கம்பியின் நுனியில் ஒரு கனமான இரும்புக் கூண்டு, அதற்குள் பாட்டில். ஆற்றின் மேல்மட்டத்திலிருந்து அடிவரை ஒரே வேகத்தில் இறக்கி, அதே வேகத்தில் ஏற்ற வேண்டும். கை அவசரப்பட்டால் பாட்டில் பாதிதான் நிறையும். கை அசந்தால் நிறைந்து வழிந்துவிடும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பிறகு கீழ்த்தளத்து அறைக்குக் கொண்டுவந்து, வடிதாளில் வடித்து, தாளை அடுப்பில் காயவைத்து, தராசில் எடைபோட்டு, ஒரு லிட்டர் ஆற்றோடு எத்தனை மில்லிகிராம் மண் போகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். மலை எவ்வளவு கரைந்து கடலுக்குப் போகிறது என்று உலகத்துக்குச் சொல்லும் கணக்கு அது. உலகம் கேட்டதா என்பது வேறு விஷயம்.

அறைச் சுவரோடு அந்த நோட்டுகள் வரிசையாக நிற்கும். நிலையத்தின் தலைவியான டாக்டரம்மா, வெளியிலிருந்து யாராவது வந்து ஏதாவது ஒரு எண்ணைச் சந்தேகப்பட்டால், "அது கலங்கல் நோட்டுல இருக்கு" என்று மட்டும் சொல்வார். அதோடு பேச்சு முடிந்தது. கலங்கலுக்கு அந்த ஒரு வாக்கியம் ஒரு மாதம் தாங்கும்.

மாடியில் செடிக்காரர்கள். செடி எப்படி வெயிலைத் தின்று சர்க்கரை செய்கிறது, மிச்சத்தை எப்படி மாவாக்கிச் சேர்த்து வைக்கிறது, வெயில் இல்லாத நேரத்தில் அந்தச் சேமிப்பை எப்படிக் கரைத்துச் சாப்பிடுகிறது என்பதை ஆராய்கிற கூட்டம். அங்கே பதினோரு வருடத்துக்கு முன் ஓர் உதவியாளர் வேலை காலியானபோது, தன் மனைவியின் தங்கையைக் கட்டியவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், "நல்ல பையன், சுறுசுறுப்பு" என்று சேர்த்துவிட்டவர் இதே கலங்கல்தான். தன் வாயால் சொன்ன அந்தச் சுறுசுறுப்புதான் பிறகு அவருக்குப் பகையானது.

சகலைக்கு மாடியில் வைத்த பெயர் செகண்டு. செடியிலிருந்து இலையை வெட்டினால், இலைக்குத் தான் வெட்டுப்பட்டது தெரியாது. அது பாட்டுக்கு உள்ளே சர்க்கரையைச் செய்வதும் கரைப்பதுமாக இருக்கும். இலை செடியில் இருந்தபோது அதற்குள் என்ன இருந்தது என்று தெரியவேண்டுமென்றால், வெட்டிய ஐந்து செகண்டுக்குள் திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைக்க வேண்டும். செகண்டு மூன்றில் போடுவான். ஒரு கையில் கத்தரி, ஒரு கையில் இடுக்கி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். வெட்டியதும் தெரியாது, போட்டதும் தெரியாது. குடுவையிலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை மட்டும் வரும்.

அந்தப் புகைதான் கலங்கலின் முதல் எதிரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வந்தால், முதலில் கீழ்த்தளத்துக்குத்தான் வருவார்கள். கலங்கல் இருப்பதிலேயே அழகாகக் கலங்கிய நான்கு பாட்டில்களை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பார். வண்டலைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் ஏதாவது ஒரு பிள்ளை, "மிஸ், புகை எந்த ரூம்ல?" என்று கேட்கும். மொத்தக் கூட்டமும் படியேறிவிடும். மாடியிலிருந்து கைதட்டல் கேட்கும். சேற்றுத் தண்ணீருக்கு யாராவது கைதட்டி நீங்கள் கேட்டதுண்டா? கலங்கலும் கேட்டதில்லை.

அடுத்து மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களையும் மாப்பிள்ளைகளையும் சாப்பிடக் கூப்பிடுவார். இலை உறைவதைப் பற்றிச் சின்ன மாப்பிள்ளை சொல்லச் சொல்ல, சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், பந்தியில் ஒருவரை விட்டுவிட்டோமே என்று ஞாபகம் வந்தவர் மாதிரி பெரிய மாப்பிள்ளை பக்கம் திரும்புவார்.

"நீங்க எப்படி மாப்ளை, இன்னும் தண்ணிதான் மொண்டுக்கிட்டு இருக்கீங்களா?"

இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. கண்டக்டர் பாவம், அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் கலங்கல் பாதிச் சோற்றோடு இலையை மடித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனைவிக்கு நாலடி முன்னால் நடந்தார். அவளுக்குத் தெரியும். "அப்பா பேச்சை எல்லாம் ஒரு பேச்சுன்னு எடுத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சகலையின் சட்டை கசங்காததில் பொறாமை, அவனுடைய வண்டி ஒரே உதையில் கிளம்புவதில் பொறாமை, மச்சினி அவனை "என்னங்க" என்று கூப்பிடும்போது குரலில் இருக்கிற பெருமையில் பொறாமை. மழைக்காலத்தில் தன் ரப்பர் பூட்ஸிலிருந்து வரும் சேற்று வாசனை, கூடத்தில் அவன் பக்கத்தில் உட்காரும்போது மட்டும் இவர் மூக்குக்கே அடித்தது.

இப்படியே ஆளுக்கொரு தளத்தில் இருந்திருந்தால் பொறாமையும் அவரவர் தளத்தில் கிடந்திருக்கும். டாக்டரம்மா இரண்டு தளத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார்.

பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, வளைவு தாண்டி, ஆறு அகலமாகி ஆழமில்லாமல் ஓடும் இடத்தில், தண்ணீருக்கடியில் ஒரு வகைப் புல் வளர்கிறது. மேலே மலையில் மழை பெய்தால் ஆறு கலங்கும். கலங்கினால் தண்ணீருக்குள் வெயில் போகாது. வெயில் போகாவிட்டால் புல் என்ன செய்யும்? எவ்வளவு நேரத்தில் சேமிப்பில் கைவைக்கும்? இதுதான் கேள்வி. மண்ணின் அளவு கலங்கலிடமிருந்து, இலையின் சர்க்கரை செகண்டிடமிருந்து. இரண்டையும் ஒரே தாளில் நேரத்தோடு நேரம் பொருத்திப் படம் போட வேண்டும்.

"இந்தக் கட்டுரையில ஒரு உதவியாளர் பேரையும் ஆசிரியர் வரிசையில சேர்க்கப்போறோம்" என்றார் டாக்டரம்மா, முதல் கூட்டத்திலேயே. "ஏற்கெனவே ஏழு பேர் இருக்கோம். ஒரு இடம்தான் இருக்கு. யார் வேலை கட்டுரையைத் தாங்குதோ அவங்க பேரு. இன்னொருத்தருக்கு அடியில நன்றி போடுவோம்."

இருபத்துமூன்று வருடத்தில் கலங்கலின் எண்கள் முப்பது நாற்பது கட்டுரையில் அச்சாகியிருக்கின்றன. அவர் பெயர் ஒன்றில்கூட வந்ததில்லை. ஒன்றில் நன்றி வந்தது, அதிலும் தலைப்பெழுத்து தப்பு. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது செகண்டு அவர் தோளைத் தொட்டு, "அண்ணே, உங்க பேருதான் வரும் பாருங்க. ஆறு உங்களுதுதானே" என்றான். மனதாரத்தான் சொன்னான். அதனால்தான் கலங்கலுக்கு இன்னும் எரிந்தது. விட்டுக்கொடுக்கிற நிலைமையில் அவன் இருக்கிறான், வாங்கிக்கொள்கிற நிலைமையில் தான் இருக்கிறோம் என்று பட்டது.

ஏற்பாடு இதுதான். ஆறு கலங்க ஆரம்பிப்பது முதலில் பாலத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் கண்ணுக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். கலங்கலுக்கு, தூணை ஒட்டி ஓடும் நுரை கொஞ்சம் பழுப்பாவதும் சுள்ளிகள் வர ஆரம்பிப்பதும் போதும். உடனே அவர் செகண்டுக்குப் போன் செய்ய வேண்டும். செகண்டு குடுவையைத் தூக்கிக்கொண்டு புல்லிருக்கும் இடத்துக்கு ஓடி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இலை வெட்ட வேண்டும். முதல் அரைமணி நேரம்தான் முக்கியம். அதில்தான் புல் முடிவெடுக்கிறது. அதைத் தவறவிட்டால் படத்தில் ஆரம்பமே இருக்காது.

அந்த நாளும் வந்தது. இங்கே மேகமே இல்லாத வெயில், மலையில் முந்தின நாள் மழை. அதனால் கலங்கல் அன்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே பாலத்தில் நின்றார். பத்து மணி பத்து நிமிடத்துக்குத் தூணோரம் பழுப்பு வந்தது. கலங்கல் பாட்டிலை இறக்கினார், ஏற்றினார், மூடியில் எண் போட்டார், துண்டுச்சீட்டில் நேரம் எழுதினார். பாட்டிலுக்கு எண் மட்டும்தான். சீட்டில் இருக்கும் நேரத்தை அறைக்குப் போய் நோட்டில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தபோது விரலில் போன் தட்டுப்பட்டது.

எடுக்கவில்லை.

பெரிய திட்டமெல்லாம் இல்லை. இந்தக் கை இப்போது போனை எடுக்காவிட்டால் அவனுக்கு ஆரம்பம் இருக்காது, எனக்கு முழுசாக இருக்கும், அப்போது கட்டுரையைத் தாங்குவது யார் என்று டாக்டரம்மா பார்க்கட்டும். அவ்வளவுதான் நினைத்தார். வேலையை விட அவரால் முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து இருபது, பத்து முப்பது என்று தவறாமல் பாட்டில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாட்டிலும் முந்தினதைவிடக் கலங்கல். பத்து ஐம்பதுக்கு ஆறு யார் பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பழுப்பாகிவிட்டது. அதற்கு மேல் தள்ள முடியாது. போன் செய்தார்.

"கலங்க ஆரம்பிச்சாச்சு. வா."

"அண்ணே, நான் இங்க கீழே புல்லுகிட்டதான் இருக்கேன்" என்றான் செகண்டு. "நாளைக்குத் தெளிஞ்ச தண்ணியில எடுக்கவேண்டிய இலையை இன்னிக்கே எடுக்கச் சொல்லிட்டாங்க, மெஷின் நாளைக்கு வேற யாருக்கோ வேணுமாம். பத்து மணியிலேர்ந்து வெட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லவேளை, அப்படியே தொடர்ந்துடறேன். உங்க போன் வந்தது பத்து அம்பது, குறிச்சுக்கிட்டேன்."

கலங்கலுக்கு ஒரு நிமிடம் கைச்சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்பதே மறந்துபோனது. அவன் ஒரு இலைகூடத் தவறவிடவில்லை. அவன் நோட்டில் 'போன், பத்து ஐம்பது' என்று மை காயாமல் இருக்கிறது. தன் சீட்டில் பத்து பத்து என்று இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் பொருத்தும்போது, நாற்பது நிமிடம் பாலத்தில் நின்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்பார்.

அன்று பிற்பகல் கீழ்த்தளத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோட்டில் ஒவ்வொரு பாட்டிலின் நேரத்தையும் நாற்பது நிமிடம் தள்ளி எழுதினார். பத்து பத்து பத்து ஐம்பதானது. பத்து இருபது பதினொன்றானது. எழுத்து வழக்கம்போலவே அழகாக வந்தது. சீட்டைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு, வடித்து, காயவைத்து, தராசில் வைத்து, எடையை எல்லாம் ஒரு மில்லிகிராம் பிசகாமல் எழுதினார். மண் அளவில் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

இலைகளை அரைத்து அளந்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் காலை மாடியிலிருந்து சத்தம். டாக்டரம்மா படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்தார். அந்த வயதில் அவர் அப்படி இறங்கி யாரும் பார்த்ததில்லை. கையில் படம்.

"பாருங்க! ஆறு கலங்கினது பத்து அம்பதுக்கு. புல்லுல சர்க்கரை குறைய ஆரம்பிச்சது பத்து முப்பதுக்கு. இருபது நிமிஷம் முன்னாடி! தண்ணி தெளிவா இருக்கும்போதே செடிக்குத் தெரிஞ்சிருக்கு, வெள்ளம் வரப்போகுதுன்னு. எப்படித் தெரிஞ்சது? யாருமே இதைப் பார்த்ததில்லை."

பின்னாலேயே வந்த செகண்டைப் பார்த்து, "நீங்க அங்க இருந்தீங்களே, தண்ணி அப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நான் எங்க மேடம் தண்ணியைப் பாத்தேன்? இலையையும் வாட்ச்சையும்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான் அவன். "அண்ணன் நோட்டுல என்ன இருக்கோ அதுதான் சரி."

"அதானே" என்றார் டாக்டரம்மா. "கலங்கல் நோட்டு."

இரண்டு மாதம் காத்திருந்து கேட்ட அந்த வாக்கியம் கலங்கலின் நெஞ்சில் இடித்தது. ஆற்றைப் பற்றி முதலில் அறிந்தது பாலத்தில் நின்ற தான் அல்ல, தண்ணீருக்கடியில் கிடந்த ஒரு புல் என்று படம் சொல்கிறது. அந்தப் புல்லைச் சரியான நேரத்தில் வெட்டியவன் செகண்டு. ஆசிரியர் வரிசையில் யார் பெயர் என்பதை யாரும் பேசிக்கூட முடிவு செய்யவில்லை. தானாகவே முடிவாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். கண்டக்டர் எழுந்து நின்று பேசினார்.

"எங்க சின்ன மாப்ளை என்ன கண்டுபிடிச்சிருக்காரு தெரியுமா? செடிக்கு ஜோசியம் தெரியும்னு!"

எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். செகண்டு கூச்சத்தோடு, "இல்ல மாமா, அண்ணனோட நேரம் இல்லாட்டி எதுவும் இல்ல" என்றான். கலங்கலும் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தால் எப்படியிருக்கும் என்று அன்று அந்தக் கூடத்தில் பார்த்திருக்கலாம். இந்தக் கண்டுபிடிப்பைப் பெற்றெடுத்தவர் அவர். தன் பேனாவால், தன் அழகான எழுத்தில், நாற்பது நிமிடத்தைத் தள்ளிவைத்துப் பெற்றெடுத்தார். மாலை விழுந்தது இன்னொருவன் கழுத்தில். எதிரியைக் குழியில் தள்ளப்போய் அவனுக்கு மேடை கட்டிக்கொடுத்த ஆள் இந்த ஊரிலேயே தான் ஒருத்தனாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நிலையத்தில் இதே பேச்சுதான். வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் செகண்டோடு பேச வந்தார்கள். பெரிய மாநாட்டில் படத்தைக் காட்டும்போது அவனையும் கூட்டிப்போவதாக டாக்டரம்மா சொன்னார். மச்சினி அவனுக்குக் கோட்டுத் தைக்கக் கொடுத்தாள். தைத்த கோட்டை அவன் போட்டுப் பார்க்கும்போது "அக்கா, மாமா, வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தார்கள். கோட்டு நன்றாகத்தான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கலங்கல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையில் இருந்த சட்டையோடு அப்படியே உட்கார்ந்தாள்.

"நீங்களா?" என்றாள். "நோட்டுலயா?"

"நாளைக்குப் போய்ச் சொல்லிடப்போறேன்."

அவள் கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தாள். "சொல்லுங்க" என்றாள் பிறகு. "சொல்லித்தான் ஆகணும். ஆனா உண்மையைச் சொல்லணும்னு சொல்லப்போறீங்களா, அவர் கோட்டைக் கழட்டணும்னு சொல்லப்போறீங்களா?"

பதில் இரண்டு பேருக்குமே தெரியும். மனசாட்சி குத்தியிருந்தால் நோட்டில் எழுதிய அன்றே குத்தியிருக்க வேண்டும். அது நிம்மதியாகத்தான் தூங்கியது. கோட்டைப் பார்த்த பிறகுதான் விழித்தது.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக்குள் போனபோது செகண்டும் அங்கே இருந்தான், மாநாட்டுக்கான படங்களை வரிசைப்படுத்திக்கொண்டு. அது நல்லதாகப் போயிற்று என்று கலங்கல் நினைத்தார்.

"மேடம், அன்னிக்கு ஆறு கலங்கினது பத்து அம்பதுக்கு இல்ல. பத்து பத்துக்கு."

"நோட்டுல பத்து அம்பதுன்னு..."

"நான்தான் மாத்தி எழுதினேன். தெரிஞ்சுதான் எழுதினேன். இவனுக்குப் போன் பண்ணாம நாப்பது நிமிஷம் நின்னேன். அது தெரியக்கூடாதுன்னு எல்லா நேரத்தையும் தள்ளி எழுதிட்டேன்."

"எதுக்குப் போன் பண்ணல?"

"பொறாமை மேடம்" என்றார் கலங்கல். சொல்லும்போது அந்த வார்த்தை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

செகண்டின் கை படத்தின் மேலேயே நின்றது. முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. கலங்கல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், அந்த நேரம் அவருக்கு இனித்தது. ஆனால் செகண்டு கத்தவில்லை, திட்டவில்லை.

"எல்லா பாட்டிலுக்குமா அண்ணே நாப்பது நிமிஷம்? இல்ல முதல் பாட்டிலுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்."

அவன் பென்சிலை எடுத்தான். படத்தில் மண் அளவைக் காட்டும் கோட்டை நாற்பது நிமிடம் இடதுபக்கம் நகர்த்திப் புள்ளி புள்ளியாக வைத்தான். புல் ஆறு கலங்கி இருபது நிமிடம் கழித்துத்தான் சர்க்கரையைக் குறைத்திருந்தது. எல்லாச் செடியும் செய்கிறதைத்தான் அதுவும் செய்திருந்தது. ஜோசியமும் இல்லை, ஒன்றுமில்லை. "சரியா இருக்கு மேடம்" என்றான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று கலங்கல் தயாராக வந்திருந்தார். வேலை போகும் என்றுகூட நினைத்திருந்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"மாநாட்டுல சொல்றதுக்கு முன்னாடி வந்து சொன்னீங்க. அதுக்கு நன்றி" என்றார். "இப்ப ஒண்ணு கேக்கறேன். இருபத்துமூணு வருஷ நோட்டு கீழ இருக்கு. வேற எந்தப் பக்கம்?"

"வேற எந்தப் பக்கமும் இல்ல மேடம். இது ஒண்ணுதான். என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நான் நம்பறது போதாது. நாளைக்கு யாராவது கேட்டா, அது கலங்கல் நோட்டுல இருக்குன்னு இனிமே நான் எப்படிச் சொல்றது?"

எட்டாயிரத்துச் சொச்சம் காலைகள். காய்ச்சலோடு நின்ற காலைகள், மகள் பிறந்த அன்று பாட்டிலை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய காலை. ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றும் உண்மை என்பதற்குச் சாட்சி அவர் ஒருவர்தான், அந்தச் சாட்சி இப்போதுதான் இந்த அறையில் பொய்ச்சாட்சி ஆனது. கீழே வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சகலைக்காக அல்ல, கட்டுரைக்காகவும் அல்ல. அந்த நோட்டுகளுக்காக.

மாநாட்டுக்கு யாரும் போகவில்லை. கட்டுரை ஒரு வருடம் கழித்துச் சாதுவாக வந்தது. ஆறு கலங்கினால் புல் இத்தனை நேரத்தில் சேமிப்பில் கைவைக்கிறது என்று மட்டும் சொன்னது. எட்டாவது பெயர் செகண்டுடையது. மச்சினி பல மாதம் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. மாமனாருக்கு விஷயம் எவ்வளவு தூரம் போனதோ தெரியாது, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மாப்பிள்ளையைத் தண்ணீரைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். இத்தனை வருடமாகக் குத்திய அந்தக் கேள்வி, கேட்கப்படாமல் விட்டபோது இன்னும் குத்தியது.

கலங்கலின் வேலை போகவில்லை. ஒரே ஓர் உத்தரவு மட்டும் வந்தது. இனிமேல் நேரம் பாலத்திலேயே நோட்டில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு நாளும் இன்னொரு ஊழியர் அருகிலிருந்து, கடிகாரத்தைப் பார்த்து, கையெழுத்திட வேண்டும். காலை ஏழு மணிக்கு வரக்கூடியவர் யார் என்று டாக்டரம்மா கேட்டபோது, நிலையத்தில் ஒருவர்தான் கையைத் தூக்கினார். செகண்டு. அவனுக்கு வீடு பாலத்துக்குப் பக்கம்.

முதல் வாரம் செகண்டு வந்தான், பார்த்தான், கையெழுத்திட்டான், போனான். இரண்டாம் மாதம் "பனி அதிகமா இருக்கு" என்றான். கலங்கல் "ஆமா" என்றார். தன் நோட்டில், தன் எழுத்துக்குக் கீழே, நாள்தோறும் இன்னொருவன் பெயர். ஆசிரியர் வரிசையில் ஒரே ஒரு முறை வந்த அந்தப் பெயர் இங்கே தினமும் வந்தது.

கட்டுரை வந்து சில மாதம் ஆன பிறகு ஒரு நாள் செகண்டு அவசரமாக வந்தான். மாடியில் ஏதோ சோதனை ஏழேகாலுக்குத் தொடங்க வேண்டுமாம். பாட்டில் மேலே ஏறியது, கலங்கல் ஏழு நான்கு என்று எழுதினார். செகண்டு நோட்டை வாங்கி, வண்டிச் சாவியை வாயில் கவ்விக்கொண்டு, கையெழுத்தைக் கிறுக்கினான்.

"மணி பாத்தியா?"

அவன் சாவியை வாயிலிருந்து எடுத்தான். "நீங்கதான் எழுதிட்டீங்களே அண்ணே."

"நான் எழுதினா? அப்புறம் உன்னை எதுக்கு வரச்சொல்றாங்க?"

"அவங்க வரச்சொன்னாங்க, வரேன்" என்றான் செகண்டு. "அந்த ஒரு நாளைத் தவிர நீங்க எழுதினது எல்லாம் சரின்னு எனக்குத் தெரியும். நான் கடிகாரத்தைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

வண்டி ஒரே உதையில் கிளம்பிப் போனது. கலங்கல் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாலத்தின் நடுவிலேயே நின்றார். தன் இருபத்துமூன்று வருடத்தைச் சாட்சி கேட்காமல் நம்புகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான் மிச்சம். அது அவனாகப் போய்விட்டதே என்றுதான் அவருக்கு வயிறு எரிந்தது.